கருவியும் குறிப்பும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்வாண்டு விழாவுக்குப் பேச அழைத்த செயலாளர் எம்மிடம் இரண்டு கட்டளைகளை ஒன்றாக இட்டார். கம்பியூட்டர் சம்பந்தமான பொருளாக இருக்கவேண்டும் என்பது ஒன்று. முன்வரிசையில் இருக்கும் ஐயாமாருக்கும் விளங்கவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் நிறைவேற்றக்கூடிய பொருள் எது என்று சில நாள் யோசித்தோம். முடிவில், சென்ற ஆண்டு நமது மன்றத்தின் பதிவேட்டு வேலையிலே நாம் பட்ட அனுபவத்தையே பேசுவது என்று தீர்மானித்தோம். செயற்கை அறிவு முகவர்கள் கையாளும் மென்பொருட் கருவிகளுக்குத் தெளிவான குறிப்பு எழுதுவது எப்படி என்பதே பொருள். தலைப்பைக் கேட்டு எவரும் எழுந்து போய்விடவேண்டாம். இது சொல்லும் எழுத்தும் பற்றிய பொருள். ஆதலின் கைபேசியோடு பிறந்த இளைஞரைவிட, பண்டித வகுப்பில் நன்னூற் காண்டிகையுரை படித்த பெரியோருக்கே இதில் உரிமை அதிகம் என்று கருதுகிறோம்.

முதலில் முகவர் என்பது யாதென்று பார்ப்போம். நாம் எழுத்தில் கேட்டால் எழுத்தில் விடை சொல்லும் சட்ஜிபிடி, குளோட், ஜெமினி முதலியவற்றை இளைஞர் பலர் அறிவர். அவற்றை விடை சொல்வதோடு நிறுத்தாமல், ஒரு வேலையை முடித்துத் தருமாறு ஏவினால் அதனையே முகவர் என்கிறோம். ஆனால் இந்த முகவருக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. வானிலையைப் பார்க்கவேண்டுமா, பதிவேட்டைத் திறக்கவேண்டுமா, குறுஞ்செய்தி அனுப்பவேண்டுமா, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய மென்பொருளை மனிதர் செய்து அதன் முன் வைக்கவேண்டும். அதுவே கருவி.

தச்சன் ஒருவன் வாய்ச்சியைத் தூக்கினால் அதன் பாரத்தைக் கை உணரும். அதன் கூரைக் கண் காணும். முகவருக்கு அந்த வசதி இல்லை. கருவியின் உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளை அது காண்பதில்லை. அதற்குக் கிடைப்பவை கருவியின் பெயர், அது என்ன செய்யும் என்று சொல்லும் சில வரிக் குறிப்பு, அதற்குக் கொடுக்கவேண்டிய உள்ளீடுகளின் பட்டியல், இவ்வளவே. அந்தச் சில வரிகளை வாசித்துத்தான், எந்தக் கருவியை எப்போது எடுப்பது, அதன் கையில் எதைக் கொடுப்பது என்று அது முடிவு செய்கிறது. குறிப்பிலே இல்லாத ஒன்று அதன் உலகத்திலேயே இல்லை.

உலகத்துப் புத்தகம் அத்தனையும் படித்த கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, இன்று காலையிலேதான் கல்முனை பஸ்ஸில் வந்து நமது சந்தியில் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பிள்ளைக்குக் கணிதம் தெரியும், சட்டம் தெரியும், பன்னிரண்டு பாஷை தெரியும். எந்தக் கடை வெள்ளிக்கிழமை பூட்டியிருக்கும் என்று தெரியாது. எந்த வீட்டில் துக்கம் என்று தெரியாது. இன்னொரு குணமும் அதற்கு உண்டு. தெரியாத இடத்திலே நின்று கேட்பதைக் காட்டிலும், ஊகித்து நிரப்பிக்கொண்டு வேலையை முடித்துவிடுவதே அதற்குப் பெரும்பாலும் வழக்கம். அந்தப் பிள்ளையின் கையில்தான் நமது மன்றத்துப் பதிவேட்டை நாம் கொடுத்தோம்.

நடந்தது இதுதான். மன்றத்தின் சந்தாப் பதிவேட்டைக் கம்பியூட்டரில் ஏற்றி, அதைப் பார்க்கவும் திருத்தவும் மூன்று கருவிகள் செய்தோம். மூன்றாவது கருவிக்கு “அறிவித்தல்” என்று பெயர் வைத்தோம். அதற்கு நாம் எழுதிய குறிப்பு ஒரே வரி: உறுப்பினரின் சந்தா நிலுவையை அறிவிக்கும். எழுதி முடித்தபோது, சுருக்கமாகவும் அழகாகவும் எழுதிவிட்டோம் என்று நமக்குள்ளே ஒரு மகிழ்ச்சி வேறு. ஒரு நாள் மாலையில் பொருளாளர் முகவரைப் பார்த்து, “சந்தா கட்டாதவர்களைப் பற்றி எனக்கு அறிவி” என்று தட்டினார். அவர் கேட்டது ஒரு பட்டியல். முகவரோ “அறிவி” என்ற சொல்லுக்கும் “அறிவித்தல்” என்ற பெயருக்கும் பொருத்தம் கண்டு, அந்தக் கருவியை எடுத்தது. அரை நிமிடத்துக்குள், நிலுவை என்று இருந்த எழுபத்துச் சொச்சம் பேருக்கும் குறுஞ்செய்தி போய்விட்டது.

போனாற் போகட்டும், சிலர் காசைக் கட்டிவிடுவார்கள் என்று சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். மறுநாட் காலையில் ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். “மனே, அவர் போய் இருபத்திரண்டு நாளாகுது. கட்டாமக் கிடந்த காசு எவ்வளவெண்டு சொல்லு. நான் பொடியனிட்ட குடுத்தனுப்புறன்” என்றார். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நமக்குத் தாங்கக்கூடியதாக இருந்திருக்கும். முப்பத்தோராம் நாட் கிரியை முடியாத வீட்டுக்கு, மன்றத்தின் பெயரால், கடனைக் கட்டு என்று ஒரு செய்தி போயிருக்கிறது. அன்று மாலையே நாம் நால்வர் அவ்வீட்டுக்குப் போய் முற்றத்திலே நின்றோம். என்ன சொல்லுவது என்று எவருக்கும் வாய் வரவில்லை.

கம்பியூட்டர் பிழை விட்டது என்று சொல்லித் தப்பிவிடலாம். பலர் அப்படித்தான் சொல்லுகிறார்கள். ஆனால் நடந்ததை ஆற அமர ஆராய்ந்தபோது இரண்டு குறைகள் வெளிப்பட்டன, இரண்டும் நம்முடையவை. முதலாவது, யாருக்கு அறிவிக்கும் என்பதை நாம் எழுதவில்லை. அறிவிப்பது என்றால் வெளியே செய்தி அனுப்புவது என்பதையும் எழுதவில்லை. இரண்டாவது குறையே பெரியது. நமது பழைய காகிதப் பதிவேட்டிலே, காலமான உறுப்பினரின் பெயரை எவரும் வெட்டுவதில்லை. மரியாதையின் நிமித்தம், பெயருக்கு நேரே சிவப்பு மையினால் “சி.ப.” என்று எழுதிவிடுவார்கள். சிவபதம் அடைந்தார் என்பது பொருள். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பின் அந்தச் சிவப்பு மை எத்தனை பக்கங்களில் ஏறியது என்பதை இங்கு இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. கம்பியூட்டருக்கு மாற்றும்போது அந்த இரண்டு எழுத்தையும் அப்படியே ஏற்றினோம். அதன் பொருளை ஓரிடத்திலும் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? நமக்கெல்லாம் தெரியும் என்பதனால் எழுதவில்லை.

இன்றைய பேச்சின் கருத்து முழுவதும் அந்த ஒரு வசனத்தில் அடங்கும். ஒரு கருவிக்குக் குறிப்பு எழுதும்போது நாம் விட்டுவிடுவது கடினமான விஷயத்தை அன்று. கடினமானதை எவரும் கவனமாக எழுதிவிடுவர். எல்லோருக்கும் தெரிந்தது என்று நாம் எண்ணுவதையே விட்டுவிடுகிறோம். முகவருக்குத் தெரியாதது அதுதான்.

இக்குறிப்பெழுதும் வேலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அதன் தொடக்கத்திலே இலங்கையர் ஒருவரின் கையும் இருந்தது என்பதை இளைஞர் அறிந்திருப்பது நல்லது. ஒரு மென்பொருள் தான் செய்யும் சேவையை மற்றொரு மென்பொருளுக்கு விவரித்துக் கூறுவதற்கென ‘வெப் சர்வீசஸ் டிஸ்கிரிப்ஷன் லாங்குவேஜ்’ என்ற விவரண மொழி உருவாயிற்று. அதன் 1.1 பதிப்பு 2001 மார்ச்சில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் வாயிலாக வெளிவந்தது. அதில் ஆசிரியர் நால்வர். அவருள் ஒருவர், அக்காலத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த சஞ்சீவ வீரவரண. பின்னர் இலங்கைக்குத் திரும்பி 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் அவரே. கடல்கோள் நேர்ந்தபோது, காணாமற்போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருள்கள் ஆகியவற்றைப் பதிந்து இணைப்பதற்காக இலங்கைத் தொண்டர்கள் எழுதிய ‘சஹன’ என்ற மென்பொருளின் பின்னாலும் அவர் நின்றார். சஹன என்பது நிவாரணத்தைக் குறிக்கும் சிங்களச் சொல். அது பின்னர் 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் பயன்பட்டது.

அந்த 2001ஆம் ஆண்டு மொழியிலே நாம் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. உள்ளீடு எந்த வடிவம், வெளியீடு எந்த வடிவம், எந்த முகவரியில் கேட்பது என்பனவெல்லாம் அதில் இறுக்கமாக எழுதப்படவேண்டும். மனிதர் வாசிப்பதற்கான விளக்கத்துக்கும் ஓர் இடம் உண்டு. ஆனால் அதை எழுதினாலும் எழுதலாம், விட்டாலும் விடலாம். இயந்திரம் வடிவத்தைப் பார்த்தது. விளக்கத்தை மனிதனான நிரலாளன் வாசித்தான். விளங்காவிட்டால் எழுதியவரைக் கேட்டுத் தெளிந்தான். 2023 ஜூனில் ஓப்பன் ஏஐ நிறுவனம் தனது மொழிமாதிரிகள் வெளியேயுள்ள மென்பொருளைக் கூப்பிட்டு வேலை வாங்கும் வழியைத் திறந்தது. 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் ‘மொடல் கொன்டெக்ஸ்ட் புரோட்டகோல்’ என்ற பொது ஒழுங்கை வெளியிட்டது. 2025 டிசம்பரில் அது லினக்ஸ் பவுண்டேஷன் என்ற பொது அமைப்பின் கீழ் வைக்கப்பட்டது. இவற்றால் நேர்ந்த மாற்றம் என்னவெனில், விட்டாலும் விடலாம் என்றிருந்த விளக்கத்தை இப்போது இயந்திரமே வாசிக்கிறது. வாசித்து அதன்படி நடக்கிறது. மூலையில் இருந்த குறிப்பு நடுவீட்டுக்கு வந்துவிட்டது.

நன்னூலைப் பற்றிச் சொன்னோமல்லவா? 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த அந்நூலின் பாயிரத்திலே, நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்திருக்கிறார். நமது தவற்றுக்குப் பின் அவற்றை ஒருநாள் மீண்டும் எடுத்து வாசித்தோம். பத்தையும் இங்கு விரிக்கப்போவதில்லை. விரித்தால் அதுவே ஒரு குற்றமாகிவிடும். கருவிக் குறிப்புக்கு நேரே பொருந்தும் சிலவற்றை மட்டும் சொல்லுகிறோம்.

குன்றக் கூறல் என்பதற்கு உதாரணம் தேடி வெளியே போகவேண்டாம். நமது ஊரின் பெயரே போதும். வானிலை சொல்லும் கருவி ஒன்று. அதன் உள்ளீடு “இடம்” என்றுமட்டும் இருக்கிறது. நம்மவர் ஒருவர் “கல்லாற்றில் நாளைக்கு மழை வருமா?” என்று கேட்கிறார். முகவர் “கல்லாறு” என்று கருவியின் கையிற் கொடுக்கிறது. பெரியகல்லாறும் உண்டு, கோட்டைக்கல்லாறும் உண்டு. கிளிநொச்சிப் பக்கத்திலும் ஒரு கல்லாறு உண்டு. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்துக்கு அப்பால், நீலகிரி மலைரயில் பற்சக்கரத்தைப் பிடித்து ஏறத் தொடங்கும் நிலையமும் கல்லாறுதான். இங்கே கச்சான் காற்றிலே வீதியெல்லாம் புழுதி பறக்க, அந்த மலையடிவாரத்து மழையை நமக்கு அறிவித்தால் கருவியைக் குறை கூறலாமா? இடத்தின் பெயரை மாவட்டத்தோடும் நாட்டோடும் சேர்த்துக் கொடு, “பெரியகல்லாறு, மட்டக்களப்பு மாவட்டம், இலங்கை” என்பது போல. எந்த ஊர் என்று ஐயம் வந்தால் ஊகிக்காமல் பயனரிடம் கேள் என்று இரண்டு வரி எழுதியிருந்தால் தீர்ந்தது.

பெயர் விஷயமும் இப்படித்தான். குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் இருந்தால் முகவர் எதையாவது அதில் நிரப்பும். நமக்கோ குடும்பப்பெயர் என்று ஒன்றில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். மகனைத் தேடினால் தகப்பனின் கணக்கு வந்து நிற்கும். தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்கும் கருவியானால், பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், 2016 முதல் வந்த புதிய அட்டையில் பன்னிரண்டு இலக்கமும் இருக்கும் என்று சொல்லவேண்டும். இல்லாவிடில் நமது தாய் தகப்பன்மாரின் அட்டை பிழையென்று தள்ளப்படும். 03/04/2025 என்றால் நமக்கு ஏப்ரல் மூன்று. அமெரிக்கருக்கு மார்ச் நான்கு. இவை சிறிய விஷயங்கள் என்று தோன்றும்.

அளவையைச் சொல்லாமல் விடுவதும் அவ்வாறே. நெல் விலைக் கருவி ஒன்று “95” என்று விடை கொடுத்தால் அது கிலோவுக்கா, புசலுக்கா, மூடைக்கா? வட்டையிலே நின்று விலை பேசும் கமக்காரனுக்கு இது சிறிய விஷயமன்று. நாசா நிறுவனம் செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமெட் ஓர்பிட்டர் என்ற விண்கலம் 1999 செப்டெம்பர் 23இல் அழிந்துபோனது. ஒரு சாராரின் மென்பொருள் உந்துதலைப் பவுண்டு அளவையிற் கொடுத்தது; மற்றச் சாராரின் மென்பொருள் அதை நியூட்டன் அளவை என்று எடுத்துக்கொண்டது. அவ்விரு சாராரும் கற்றறிந்தவர்களே.

மிகைபடக் கூறல் அடுத்தது. குன்றக் கூறிப் பட்ட பயத்தினால் நாம் ஒரு மாத காலம் மறுபக்கம் சாய்ந்தோம். ஒவ்வொரு கருவிக்கும் கலியாணக் காட்டிலே இருபக்கத்து உறவினர் பெயரெல்லாம் எழுதுவது போல எழுதினோம். “நமது மன்றத்தின் நீண்டகாலத் தேவையைக் கருத்திற்கொண்டு உருவாக்கப்பட்ட இச்சிறந்த கருவியானது” என்று ஒரு குறிப்பு தொடங்கியது. அதை எழுதியவர் யார் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. முகவர் ஒரு கேள்வியைப் பார்ப்பதற்கு முன்பே எல்லாக் கருவிகளின் குறிப்புகளும் பொதுவாக அதன் முன் விரிக்கப்படுகின்றன. அதற்குள்ள இடமோ அளவானது. புகழ்ச்சி நிறைந்தால் உண்மையான எச்சரிக்கை உள்ளே புதைந்துபோகும். தமிழ் எழுத்து, பல மொழிமாதிரிகளில், ஆங்கிலத்தைவிடக் கூடிய துண்டுகளாக அரியப்படுகிறது என்பதும் உண்மை. ஆகவே தமிழில் எழுதுவோர் இன்னும் சிக்கனமாக எழுதவேண்டும். ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமே என்று இளைஞர் சிலர் சொன்னார்கள். நாம் இணங்கவில்லை. பொருளாளரும் செயலாளரும் வாசித்துப் பிழை பிடிக்கக்கூடிய மொழியிலே குறிப்பு இருப்பதையே நாம் விரும்பினோம். காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகள் விஞ்ஞானம் கற்றவர். 1930களில் கலைச்சொல்லாக்க வேலையிலே முன்னின்றவர். அவர் பிறந்த மண்ணில் இதைத் தமிழில் எழுத முடியாது என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மயங்க வைத்தல் என்பது ஒரு கருவியின் குறிப்பில் மட்டும் நேர்வதன்று. இரண்டு கருவிகளுக்கிடையே நேர்வது. “உறுப்பினரைத் தேடு” என்று ஒன்றும் “பதிவேட்டில் தேடு” என்று ஒன்றும் வைத்திருந்தோம். இவற்றுக்கு என்ன வேற்றுமை என்று பொருளாளரைக் கேட்டோம், அவருக்கே தெரியவில்லை. மனிதருக்கே தெரியாத வேற்றுமையை முகவர் எவ்வாறு காணும்? ஒன்றை எடுத்துவிட்டோம். மாறுகொளக் கூறலைப் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை: குறிப்பிலே “திகதி தேவையில்லை” என்றும் பட்டியலிலே “திகதி கட்டாயம்” என்றும் எழுதிவிட்டால் எது நடக்கும் என்று எவருக்கும் தெரியும்.

எழுத்தைத் திருத்துவதால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதற்கும் ஒரு செய்தி சொல்லவேண்டும். அந்த்ரோபிக் நிறுவனத்தார் 2024 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் தமது அனுபவத்தை எழுதியிருக்கிறார்கள். கோப்புகளைத் திருத்தும் கருவி ஒன்றுக்கு, நிற்கும் இடத்திலிருந்து வழி சொல்வது போலக் கோப்பின் இருப்பிடத்தைக் கொடுக்க இடம் வைத்திருந்தார்கள். முகவர் வேறோர் அடைவுக்குப் போனதும் தடுமாறியது. “இதிலிருந்து நாலாம் வீடு” என்று சொல்லி அனுப்பினால், பிள்ளை வேறு தெருவில் நின்று நாலு வீடு எண்ணுவது போன்றது அது. எப்போதும் முழு விலாசத்தையே கொடுக்கவேண்டும் என்று கருவியின் அமைப்பையே மாற்றினார்கள், பிழை ஒழிந்தது. 2025 செப்டெம்பரில் அவர்கள் எழுதிய மற்றொரு கட்டுரையில் வேறொரு செய்தி: வலையிலே தேடும் கருவியைக் கொடுத்தபோது, கேட்ட கேள்வியோடு “2025” என்பதை முகவர் தேவையின்றி ஒட்டிக்கொண்டே இருந்ததாம். அதனால் தேடல் ஒருபக்கம் சாய்ந்தது. அதைக் குறிப்பைத் திருத்தியே சரிசெய்தார்கள். ஒரு பிழைக்குச் சொல் மருந்து. மற்றதற்குக் கருவியின் உருவமே மருந்து. எதற்கு எது என்று முகவர் செய்ததைப் படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றுக்கு வருகிறோம். இதை விளக்குவதற்கு நமது ஆற்றுவாயைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி கடலோடு சேர்வது இரண்டு இடங்களில்: பாலமீன்மடுப் பக்கத்து முகத்துவாரம் ஒன்று, தெற்கே நமது ஊரிலே மற்றொன்று. கோடையில் மணல் மேடிட்டு வாய் அடைபடும். மாரியிலே வெள்ளம் ஏறும்போது வெட்டச் சொல்லிக் கேட்பார்கள். வயல் மூழ்கும் கமக்காரனுக்கு இன்றே வெட்டவேண்டும். இறாலும் மீனும் கடலுக்கு ஓடிவிடும் என்று அஞ்சும் மீனவனுக்கு இரண்டு நாள் பொறுக்கவேண்டும். இருசாராரையும் கேட்டு, நீர்மட்டத்தைப் பார்த்து, அதிகாரிகள் முடிவு செய்வார்கள். ஏன் இவ்வளவு பேச்சு? வெட்டிய வாயை மறுநாள் மண்வெட்டியால் மூடிவிட முடியாது. கடல் நினைத்து மூடினால்தான் உண்டு.

நீர்மட்டம் எவ்வளவு என்று பார்ப்பதும் வாயை வெட்டுவதும் ஒரே வகை வேலையல்ல. மென்பொருட் கருவிகளிலும் பார்ப்பவை உண்டு, வெட்டுபவை உண்டு. செய்தி அனுப்புவது, காசு மாற்றுவது, கோப்பை அழிப்பது எல்லாம் வெட்டுபவை. முன் சொன்ன பொது ஒழுங்கிலே 2025 முதல், இந்தக் கருவி பார்க்கமட்டும் செய்யும், இது அழிக்கக்கூடும், இதை இரண்டுமுறை இயக்கினாலும் கேடில்லை என்று அடையாளம் இட வழி உண்டு. ஆயினும் அவை வெறும் சாடைகளே; நம்பத்தகாதவர் கொடுத்த கருவியிலே இருக்கும் அடையாளத்தை நம்பவேண்டாம் என்று அவ்வொழுங்கே சொல்லுகிறது. ஆகவே, அனுப்பினால் மீளாது என்று குறிப்பிலும் எழுதவேண்டும். ஒரு மனிதர் தலையசைத்தாலன்றிக் கதவு திறவாதபடி கருவிக்குள்ளும் பூட்டுப் போடவேண்டும். முன்னதைமட்டும் செய்தோர் நம்மைப் போல ஒருநாள் ஒரு முற்றத்திலே போய் நிற்பர்.

நம்பத்தகாதவர் என்றதும் ஓர் எச்சரிக்கை. 2025இல் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் சிலர், கருவிக் குறிப்பிலேயே தீய கட்டளையை ஒளித்து வைக்கலாம் என்று செய்து காட்டினர். வெளியே பார்த்தால் இரண்டு எண்ணைக் கூட்டும் கருவி. குறிப்பின் உள்ளே, பயனரின் அந்தரங்கக் கோப்பைத் திறந்து இன்ன இடத்துக்கு அனுப்பு, பயனரிடம் சொல்லாதே என்று எழுதியிருக்கும். வாசிப்பதையெல்லாம் நம்பும் முகவர் அதையும் செய்யும். இளைஞர்கள் வலையிலே கிடைக்கும் கருவிகளை இறக்கிக்கொள்ளும்போது, மாத்திரையின் பெயரை வாசிப்பது போல, குறிப்பை முழுவதும் வாசித்த பின்பே சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த “அறிவித்தல்” கருவி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதை இரண்டாகப் பிளந்தோம். பார்ப்பதற்கு ஒன்று, அனுப்புவதற்கு ஒன்று. அனுப்பும் கருவிக்கு இப்போதுள்ள குறிப்பை அப்படியே வாசிக்கிறோம்:

“பெயர்: சந்தா நினைவூட்டல் அனுப்பு. இது ஓர் உறுப்பினருக்குச் சந்தா நிலுவை பற்றிய குறுஞ்செய்தியை அனுப்பும். அனுப்பிய செய்தியை மீளப் பெற முடியாது. நிலுவை யாருக்கு என்று அறிவதற்கு இதைப் பயன்படுத்தாதே. அதற்கு ‘சந்தா நிலுவை பார்’ என்ற கருவி உண்டு. ‘நிலை’ என்ற நிரலில் ‘சி.ப.’ என்றிருந்தால் அவ்வுறுப்பினர் காலமானவர். அவருடைய தொலைபேசி இலக்கம் இப்போது வீட்டாரிடம் இருக்கும். அதற்கு எதுவும் அனுப்பாதே. உள்ளீடு 1: உறுப்பினர் இலக்கம், நான்கு இலக்கம், உதாரணம் 0127, பெயரைக் கொடுக்காதே, ஒரே பெயரில் பலர் உளர். உள்ளீடு 2: பொருளாளர் அந்த வேளையில் கொடுக்கும் ஒப்புதல் எண், இது இல்லாவிடில் பொருளாளரிடம் கேள்.”

அவ்வளவுதான். ‘சி.ப.’ என்றிருப்பவருக்கு முகவர் அனுப்ப முயன்றாலும் கருவி மறுத்துவிடும். மறுக்கும்போது வெறுமனே “பிழை” என்று சொல்லாமல், “இவ்வுறுப்பினர் காலமானவர், அனுப்பப்படவில்லை, அடுத்தவருக்குச் செல்” என்று காரணமும் சொல்லும். இந்த மறுமொழியும் முகவர் வாசிக்கும் குறிப்புத்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

எழுதிய குறிப்பைச் சோதிப்பதற்கு இரண்டு வழிகளைக் கைக்கொண்டோம். மன்றத்தில் சேர்ந்து இரண்டு கிழமையான ஒரு தம்பியிடம் குறிப்பை மட்டும் கொடுத்து, “இதைக்கொண்டு என்ன செய்வாய்?” என்று கேட்டோம். அவர் தயங்கிய இடமெல்லாம் குறிப்பின் ஓட்டை. பிறகு, பொருளாளரும் மற்றவர்களும் உண்மையில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே இருபது கேள்விகளை எழுதினோம். “ஆரெல்லாம் இன்னும் கட்டல்ல?”, “போன வருஷக் கணக்கு என்ன மாதிரி?”, “மாமாட காசு கிடைச்சுதா?” என்றவாறு. செய்திகள் உண்மையாகப் போகாதபடி ஒரு போலிப் பதிவேட்டிலே முகவரை ஓடவிட்டு, அது எந்தக் கருவியை எடுத்தது, எதைக் கொடுத்தது என்று வரிவரியாக வாசித்தோம். மாமா யார் என்று பொருளாளரைத் திருப்பிக் கேட்காமல், தானாகவே ஒரு மாமாவைக் கண்டுபிடித்துக்கொண்டது முதல் நாள். “உறவுமுறைச் சொல் வந்தால் யாரென்று கேள்” என்று அதற்கும் ஒரு வரி சேர்த்தோம். இரண்டொரு மாதத்துக்கு ஒருமுறை அந்த இருபதையும் மறுபடி ஓட்டுகிறோம். முகவர் மாறும்போது விடையும் மாறுகிறது.

இப்போது பழைய காகிதப் பதிவேடுகளின் மிச்சத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அதில் ஒரு சிக்கல் நேர்ந்திருக்கிறது. பழைய பக்கங்களிலே, சில பெயர்களுக்கு நேரே நீல மையினால் “வெ.” என்று ஒரு குறி இருக்கிறது. வெளியூர் போனவர் என்பதா, வெளிநாடா, 1957ஆம் ஆண்டு வெள்ளத்திலே வீடிழந்து சந்தா விலக்கப்பட்டவர் என்பதா, எங்களில் எவருக்கும் தெரியவில்லை. ஊகித்து எழுத மனமில்லை. அந்த நிரலை அப்படியே வெறுமையாக விட்டிருக்கிறோம். பதிவேட்டை வாசலிலே மேசைமேல் வைத்திருக்கிறோம். முன்வரிசை ஐயாமார் தேநீர் குடிக்கும்போது அந்தப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்து, தெரிந்தவர் நம்மில் ஒருவரைக் கூப்பிட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். பேனையும் கண்ணாடியும் அங்கேயே இருக்கின்றன.